டிக்ஸிட் மேசையில் சண்டையும் சைபர் புள்ளியும்: அறிகுறியைப் பார்த்துப் பிழை திருத்துவது

மார்கழி மழைக்கு வெளியே இறங்க வழியில்லாத நாட்களில் மட்டக்களப்புப் பக்கத்து வீடுகளில் 304 சீட்டு நடக்கும், கரம் நடக்கும். இப்போது சில வீடுகளில் டிக்ஸிட் என்ற பட அட்டை விளையாட்டும் சேர்ந்துகொண்டது. வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா பெட்டியோடு கொண்டுவந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் படங்களை அச்செடுத்து வீட்டிலேயே வெட்டிய கட்டாக இருக்கும். 2008 இல் பிரான்சில் வெளிவந்த விளையாட்டு இது. உருவாக்கியவர் ழான் லூயி ரூபிரா, படங்கள் மரி கார்துவா வரைந்தவை. 2010 இல் ஜெர்மனியின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ விருதும் கிடைத்தது. அவ்வளவு பேர் வாங்கிய விளையாட்டு உங்கள் வீட்டில் மட்டும் மூன்றாம் சுற்றிலேயே ஆட்களைக் கைபேசி பார்க்க வைக்கிறதென்றால், எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது. பெரும்பாலும் அது குறிப்பில்தான் இருக்கும்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் விதியைச் சரிபாருங்கள். வாய்வழியாகக் கற்றுக்கொண்ட வீடுகளில் புள்ளிக் கணக்கு பிழைத்துப்போயிருப்பது சாதாரணம்.

ஆளுக்கு 6 அட்டை. குறிப்பு சொல்பவர் தன் கையில் ஒன்றைத் தெரிந்து, படத்தைக் காட்டாமல் ஒரு குறிப்புச் சொல்வார். மற்றவர்கள் தங்கள் கையில் அந்தக் குறிப்புக்குக் கிட்ட வருகிற ஒரு அட்டையைக் குப்புறக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் கலைத்து நிமிர்த்தி வைத்ததும், எது குறிப்புக்காரரின் அட்டை என்று மற்றவர்கள் வாக்குப் போடுவார்கள். சிலர் பிடித்து, சிலர் தவறவிட்டால் குறிப்புக்காரருக்கு 3, பிடித்தவர்களுக்கு ஆளுக்கு 3. எல்லாரும் பிடித்தாலும், ஒருவரும் பிடிக்காவிட்டாலும் குறிப்புக்காரருக்கு சைபர், மற்ற எல்லாருக்கும் 2. இதைவிட, குறிப்புக்காரர் அல்லாதவரின் அட்டைக்கு விழும் ஒவ்வொரு வாக்குக்கும் அவருக்கு 1. குறிப்புக்காரர் வாக்குப் போடுவதில்லை, மற்றவர்கள் தங்கள் அட்டைக்குத் தாங்களே போடுவதும் இல்லை.

‘எல்லாரும் பிடித்தால் சைபர்’ என்பதை விட்டுவிட்டு விளையாடுகிற வீடுகள் இருக்கின்றன. “எல்லாரும் சரியாச் சொன்னா நல்லதுதானே” என்று யாரோ இரக்கப்பட்டு எடுத்திருப்பார்கள். அதை எடுத்தால் விளையாட்டே இல்லை. உடனே திரும்பச் சேருங்கள். கீழே உள்ள அறிகுறிகளில் பாதி அதோடு போய்விடும்.

ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் பிடித்துவிடுகிறார்கள்

குறிப்பு படத்தில் உள்ள பொருளைச் சொல்கிறது. நிலா வெளிச்சத்தில் வாவியில் தோணி விடும் பெண் ஒருத்தியின் படம் என்று வையுங்கள். “தோணிப் பயணம்” என்றால் முடிந்தது. மேசையில் தோணி உள்ள அட்டை ஒன்றுதான் இருக்கும், ஐந்து வாக்கும் அதற்கே விழும். “நிலா” என்றாலும் ஏறக்குறைய அதே கதை.

படத்தில் இல்லாத, ஆனால் படத்தைப் பார்த்தால் நினைவுக்கு வரக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே படத்துக்கு “காதைக் கொஞ்சம் கொடு” என்று சொல்லிப் பாருங்கள். கல்லடிப் பாலத்துப் பக்கம், பூரணை இரவில் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்ற கதை தெரிந்த ஒருவர் தோணியில் கைவைப்பார். மற்றவர்கள் இரகசியம் பேசும் கிளிக்கோ, சுவரில் சாய்ந்து தூங்கும் பையனுக்கோ போவார்கள். மேசை இரண்டாகப் பிரிந்தது, உங்களுக்கு 3.

கணக்கையும் ஒருக்கால் பாருங்கள். ஆறு பேர் விளையாடும்போது ஒருவர் பிடித்தாலும் உங்களுக்கு 3, நான்கு பேர் பிடித்தாலும் 3. ஆனால் நான்கு பேர் பிடித்தால் அந்த நான்கு பேரும் உங்களோடு சேர்ந்து மூன்று படி ஏறுகிறார்கள். ஒருவர் மட்டும் பிடித்தால் நீங்களும் அவரும்தான். அதனால் கெட்டிக்காரக் குறிப்புக்காரர் மேசை முழுவதற்கும் பேசமாட்டார், இரண்டு பேரை மனதில் வைத்துக்கொண்டு பேசுவார். ஒருவர் கோட்டைவிட்டாலும் மற்றவர் பிடிப்பார். அடுத்த முறை வேறு இருவர். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் இந்த அறிகுறி திரும்ப வராது.

உள்ளூர்க் கதை கைகொடுக்கும் என்றாலும் மேசையில் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியம். கல்லில் செய்த குதிரையின் படத்துக்கு “புல்லுப் போட்டா தின்னும்” என்றால், படுவான்கரை ஆட்கள் மட்டும் இருக்கும் மேசையில் உங்களுக்கு சைபர். பறங்கியருக்கு முன்னால் கொக்கட்டிச்சோலையில் கல் நந்தி புல் தின்ற கதை அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழும்பிலிருந்து வந்த மச்சானும் கனடாவில் பிறந்த மருமகளும் இருக்கும் மேசையில் அதே குறிப்பு அருமையாக வேலை செய்யும்.

ஒருவருமே பிடிப்பதில்லை

மேலே சொன்னதைப் படித்துவிட்டு ஆள் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டார் என்று அர்த்தம். “காலம்”, “வாழ்க்கை”, “ஒரு பயணம்” போன்ற குறிப்புகள் ஆழமாகத் தெரியும். உண்மையில் அவை எந்தப் படத்துக்கும் பொருந்தும். எந்தப் படத்துக்கும் பொருந்துவது வாக்கைச் சிதறடிக்கும், அவ்வளவுதான். கவிதை எழுதும் ஆட்களிடம் இந்த வருத்தம் கூட.

குறிப்பு சொல்லுமுன் அவர் தனக்குள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “என் அட்டையைப் பார்த்த ஒருவர், நான் ஏன் இதைச் சொன்னேன் என்று ஒரே வசனத்தில் விளக்க முடியுமா?” முடியாவிட்டால் குறிப்பை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவர வேண்டும். “காலம்” என்பதை “பஸ் போயிட்டு” என்று மாற்றினால் போதும். நேரம் தவறிய உணர்ச்சி அப்படியே இருக்கும், பிடிக்க ஒரு கொம்பும் கிடைக்கும்.

குறிப்பு நல்லது, இருந்தும் எல்லாரும் ஒரே தவறான அட்டைக்குப் போகிறார்களா? அது பிழை இல்லை. யாரோ மிகச் சிறந்த அட்டை ஒன்றைப் போட்டு உங்களை ஏமாற்றியிருக்கிறார். பாராட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

கணவனும் மனைவியும் மட்டும் முன்னே போகிறார்கள்

அக்கா தங்கையாகவும் இருக்கலாம், ஒரே அறையில் படித்த இரண்டு கூட்டாளிகளாகவும் இருக்கலாம். ஒருவர் “கலியாணத்தன்று நின்ற பஸ்” என்பார், மற்றவர் சிரித்துக்கொண்டே சரியான அட்டைக்கு வாக்குப் போடுவார். இருவருக்கும் 3. மற்றவர்களுக்குக் கோபம்.

விதிப்படி இது அளாப்பு இல்லை. ஆனால் மேசையைக் கெடுக்கும். “இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கக்கூடிய விஷயத்திலிருந்துதான் குறிப்பு வர வேண்டும்” என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளலாம். பழமொழி, ஊர்க் கதை, படப்பாட்டு, பள்ளிக்கூடப் பாடம் எல்லாம் சரி. உங்கள் வீட்டுக் குசினிக்குள் நடந்தது சரியில்லை. பேசியும் அடங்காத சோடி என்றால் இருவரையும் ஒரே அணியாக்கி ஒரே கையைக் கொடுத்துவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன், ஏனென்றால் எந்த அட்டையைப் போடுவது என்று அவர்கள் இருவரும் காதுக்குள் சண்டை பிடிப்பது தனி வேடிக்கை.

குறிப்பு நன்றாக இருந்தும் சரியான அட்டை பளிச்சென்று தெரிகிறது

இதைப் பலர் கவனிப்பதில்லை, பழியைக் குறிப்புக்காரர் தலையில் போட்டுவிடுவார்கள். பார்க்க வேண்டியது மற்றவர்கள் போடும் அட்டைகளை. “கையில் பொருத்தமானது இல்லை” என்று பிடிக்காத அட்டையைத் தள்ளிவிடுகிறார்கள். குறிப்பு “புயல்”; மேசையில் விழுந்தவை ஒரு தேநீர்க் கோப்பை, ஒரு கோமாளி, ஒரு பூந்தோட்டம், முறிந்த மரம் ஒன்று. யாருக்குத்தான் தெரியாது?

அட்டையைத் தள்ளுவதால் நட்டம் யாருக்கு என்பதைக் காட்டிவிட்டால் ஆட்கள் தானாக மாறுவார்கள். நீங்கள் சரியாகப் பிடித்து, உங்கள் அட்டைக்கும் இரண்டு பேர் ஏமாந்து வாக்குப் போட்டால் அந்தச் சுற்றில் உங்களுக்கு 5 புள்ளி. தள்ளிவிட்டு, எல்லாரும் பிடித்துவிட்டால் 2 தான்.

எதைப் போடுவது? பொருளைத் தேடாதீர்கள், மனநிலையைத் தேடுங்கள். “புயல்” என்றதும் கையில் காற்றும் மழையும் உள்ள படம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் எண்ணம். அது இல்லையென்றால், உடைந்தது, சிதறியது, பயந்தது, ஓடுவது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தேநீர்க் கோப்பைக்குள் அலை அடிப்பதுபோல் ஒரு கோடு இருந்தால் அந்தக் கோப்பையே நல்ல தூண்டில்தான். குறிப்புக்காரர் நேரடியாகப் பேசுகிற ஆளா, சுற்றிப் பேசுகிற ஆளா என்பதையும் கணக்கில் எடுங்கள். சுற்றிப் பேசுகிற மாமியின் குறிப்புக்கு நேரடியான படத்தைப் போட்டால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

கை உண்மையிலேயே மோசமாகி, ஆறும் ஒரே மாதிரிப் படமாக வந்து நிற்பது சிலவேளை நடக்கும். அதற்கு ஒரு வீட்டு விதி வைத்துக்கொள்ளலாம்: விளையாட்டில் ஒரே ஒரு தடவை, ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டுக் கை முழுவதையும் மாற்றலாம். பெட்டித்தாளில் இது இல்லை.

யாரோ அளாப்புகிறார் என்று சந்தேகம்

மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது வாக்கு. விரலைக் காட்டி வாக்குப் போடும் வீடுகளில் ஒருவர் அரை நொடி தாமதிப்பார்; பக்கத்தில் இருப்பவர் எத்தனை விரலை நீட்டுகிறார் என்று பார்த்துவிட்டுத் தன் விரலை மடக்குவார். இலக்கம் போட்ட வில்லையைக் குப்புற வைத்து, எல்லாரும் வைத்த பிறகே நிமிர்த்த வேண்டும். வில்லைகள் தொலைந்திருந்தால் சோடா மூடிகளின் உட்பக்கத்தில் 1, 2, 3 என்று எழுதி ஆளுக்கு ஒரு கட்டாகக் கொடுங்கள். புளியங்கொட்டையும் கல்லும் சரிவராது, இலக்கத்தை மறைத்து வைக்க முடியாது.

இரண்டாவது, அட்டையின் முதுகு. தேத்தண்ணிக் கறை பட்ட அட்டை, மூலை மடிந்த அட்டை, ரோல்ஸ் சாப்பிட்ட விரல் பட்டு எண்ணெய் ஊறிய அட்டை எல்லாம் குப்புறக் கிடக்கும்போதே பேசும். “அது அண்ணன்ட கையில இருந்தது” என்று தம்பிக்குத் தெரிந்துவிடும். 80க்கு 120 மில்லிமீட்டர் உறை போடலாம், அல்லது கறை பட்ட அட்டையைக் கட்டிலிருந்து எடுத்துவிடலாம். சாப்பாட்டைச் சுற்றுகளுக்கு இடையில் வைத்துக்கொள்ளுங்கள். வடையைத் தடுக்க முடியாது, நேரத்தைத்தான் மாற்ற முடியும்.

மூன்றாவது, கலைப்பது. குறிப்புக்காரர் தன் அட்டையை மேலே வைத்து, மற்றவற்றை வாங்கி, ஒரு தடவை தட்டிவிட்டு அப்படியே பரப்பினால் முதலாவதோ கடைசியோ அவருடையது என்று எல்லாரும் கண்டுகொள்வார்கள். 304 பிரிக்கிற ஒருவரிடம் கலைக்கக் கொடுங்கள்.

முகம் காட்டிக்கொடுக்கிறது

அட்டைகளை நிமிர்த்தும்போது தன்னுடையது வந்ததும் குறிப்புக்காரரின் கண் அங்கே ஒரு கணம் நின்றுவிடும். சிலருக்குச் சிரிப்பும் வரும். நிமிர்த்தும் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்து, வாக்கு முடியும்வரை குறிப்புக்காரரைப் புள்ளிக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாதவர் எழும்பிப் போய் எல்லாருக்கும் பிளேன்டி ஊற்றலாம்.

குறிப்புச் சொல்ல ஐந்து நிமிடம் எடுக்கிறார்கள்

“எனக்கு ஒண்டும் வருதில்லையே” என்று ஆறு அட்டையையும் மாறிமாறிப் பார்ப்பவருக்கு நேரக் கட்டுப்பாடு போட்டால் பதற்றம்தான் கூடும். அதற்குப் பதிலாக எல்லையைச் சுருக்குங்கள். “இந்தச் சுற்றில் எல்லாரும் பழமொழி மட்டும்”, “இந்தச் சுற்றில் ஒரே சொல்”, “இந்தச் சுற்றில் பாட்டின் ஒரு வரி”. பரந்து கிடந்தால் ஒன்றும் வராத ஆளுக்கு இப்படிக் கட்டிவைத்தால் வரும். அடுத்தவர் குறிப்புச் சொல்லும்போதே தன் முறைக்கு ஒன்றைத் தயார் செய்து வைப்பதும் தடை இல்லை.

ஆள் குறைவு, ஆள் அதிகம்

மூன்று பேர் மட்டும் இருந்தால் மேசையில் மூன்றே அட்டை விழும், ஊகிக்க ஒன்றுமில்லை. அதற்கென்று விதி இருக்கிறது: ஆளுக்கு 7 அட்டை, குறிப்புக்காரர் அல்லாத இருவரும் இரண்டு இரண்டு போட வேண்டும். மேசையில் ஐந்து வரும். ஆனாலும் மூன்று பேர் விளையாட்டு சப்பென்றுதான் இருக்கும், நாலாவது ஆளைக் கூப்பிடுங்கள்.

பழைய பெட்டி ஆறு பேருக்கு, 2021 இன் புதிய பதிப்பு எட்டுப் பேருக்கு, ‘ஒடிசி’ என்ற பதிப்பு பன்னிரண்டு பேருக்கு. ஏழுக்கு மேல் ஆள் சேர்ந்தால் ‘ஒடிசி’ விதி கைகொடுக்கும்: விரும்பியவர் இரண்டு அட்டைக்கு வாக்குப் போடலாம், ஒன்றுக்கு மட்டும் போட்டுச் சரியாகப் பிடித்தவருக்கு ஒரு புள்ளி கூட. கோயில் சடங்குக்கு வந்து வீடு நிறைந்திருந்தால் இரண்டிரண்டு பேராக அணி சேர்ப்பதே சுகம்.

30 புள்ளி வருமுன் கட்டு முடிந்துவிடுகிறது

30 புள்ளியை முதலில் தொடுபவர் வென்றார் என்று விளையாடும்போது இது வரும். இது பிழை அல்ல, கணக்கு. கட்டில் 84 அட்டை. ஆறு பேருக்கு ஆறாறு கொடுத்தால் 36 போய்விடும், மிச்சம் 48. ஒரு சுற்றுக்கு 6 செலவானால் எட்டுச் சுற்றில் கட்டு காலி. ஆளுக்கு இரண்டு முறை குறிப்புச் சொல்லக்கூட வராது. நான்கு பேர் என்றால் 60 மிஞ்சும், பதினைந்து சுற்று ஓடும். கட்டு முடிந்ததும் முன்னே நிற்பவர் வென்றார் என்று முடிக்கலாம், அல்லது போட்ட அட்டைகளைத் திரும்பக் கலைத்துத் தொடரலாம்.

படங்கள் பாடமாகிவிட்டன

ஒரே கட்டை அடிக்கடி விளையாடும் வீட்டில், “இது போன போயாவுக்கு மச்சாள் சொன்ன படம்” என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். மேலதிகக் கட்டு வாங்கலாம், அதிலும் 84 அட்டை. விலை இடித்தால் நீங்களே செய்யுங்கள். ஒரு ஏ4 தாளில் அதே அளவில் நான்கு அட்டை வெட்டலாம், 21 தாளில் ஒரு கட்டு. பிள்ளைகளின் சித்திரக் கொப்பிப் பக்கங்கள் இதற்கு மிக நல்லவை, ஏனென்றால் அது நாயா மாடா என்று வரைந்தவருக்கே சந்தேகம் இருக்கும். வெறும் மலைக்காட்சி, வெறும் பூ வேண்டாம். ஒரு படத்தில் பொருந்தாத இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும். சாமிப் படங்களை நான் சேர்க்கமாட்டேன், அதன்மேல் பகிடி விட ஒருவருக்கும் வாய் வராது.

ஒரு பகுதியினருக்கு மட்டும் குறிப்பு விளங்குகிறது

கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கத்து அலுவலகக் கூட்டங்களில் இது வரும். தமிழ், முஸ்லிம், சிங்கள ஆட்கள் ஒரே மேசையில் இருப்பார்கள். “தென்சேரி தோத்துட்டு” என்றால், ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து மோதும் கொம்பு விளையாட்டுத் தெரியாதவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாருக்கும் பொதுவான வாழ்க்கையிலிருந்து எடுங்கள். சூரியன் இறங்கும் கடற்கரையில் ஓநாய் ஒன்று வாயைத் திறந்து நிற்கும் படத்துக்கு “நோன்பு திறக்கிற நேரம்” என்று ஒருவர் சொன்னால் கல்முனையில் அது விளங்காத ஆளே இல்லை. அதனால் எல்லாரும் பிடித்துவிடுவார்களோ என்றால் பிடிக்கமாட்டார்கள், பாதிப் பேர் தட்டும் சோறும் உள்ள படத்துக்குப் போய்விடுவார்கள்.

மொழியே விளங்காத ஒருவர் இருந்தால் வாயைத் திறக்காமல் விளையாடுங்கள். குறிப்பு சொல்லாக இருக்க வேண்டியதில்லை. முனகல், சீழ்க்கை, கைச்சைகை, மேசையில் ஒரு தாளம், எல்லாம் சரிவரும். கூத்து ஆடிப் பழகிய ஆள் மேசையில் இருந்தால் அவர் முறை வரும்வரை காத்திருக்கத் தோன்றும்.

அம்மம்மா குறிப்புக்குப் பதில் கதையே சொல்லிவிடுகிறார்

தடுக்காதீர்கள், கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கதைக்குள் படத்தில் உள்ள குடை, பூனை, கிணறு எல்லாம் வந்துவிடும், எல்லாரும் பிடித்துவிடுவார்கள், அவருக்கு சைபர். அட்டையைத் தெரிந்ததும் பக்கத்தில் இருக்கும் பேரனின் காதுக்குள் கதையைச் சொல்லட்டும். பேரன் கேட்க வேண்டியது, “அம்மம்மா, இதில ஒரு சொல்லு மட்டும் சொல்லுங்க.” பெட்டியில் எட்டு வயதிலிருந்து என்று போட்டிருக்கிறது, அதற்குக் குறைந்த பிள்ளையை அம்மம்மாவோடு ஒரு கையாகச் சேர்த்தால் இரண்டு பிரச்சினையும் தீரும். கண் தெரியவில்லை என்றால் படங்களை மேசையில் வைக்காமல் கையில் எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், எல்லா அட்டையையும் ஒரே அளவு நேரம்.

அட்டை வளைகிறது, பறக்கிறது

வாவிப் பக்கத்து ஈரக்காற்றுக்கு வீட்டில் செய்த அட்டைகள் வில்லாக வளையும். ஒரு பக்கம் மட்டும் லாமினேட் பண்ணினால் கட்டாயம் வளையும், மறுபக்கத் தாள் ஈரத்தை இழுத்து விரிவதால். இரண்டு பக்கமும் பண்ணுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் விடுங்கள். வளைந்ததை இரண்டு கனமான புத்தகங்களுக்கு இடையில் ஓரிரு நாள் வைத்தால் ஓரளவு நேராகும். இரண்டு பக்கமும் லாமினேட் பண்ணிய அட்டை வழுக்கும், ஃபேன் காற்றுக்கு ஓடும். தரையில் பாயை விரித்து அதன்மேல் விளையாடினால் நிற்கும், ஃபேனை நிறுத்தச் சொல்லி யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கரண்ட் போனால் கைபேசி வெளிச்சத்தை அட்டைமேல் நேரே அடிக்காமல் வெள்ளைச் சுவரில் படவிடுங்கள். நேரே அடித்தால் லாமினேட் மின்னி, படத்துக்குப் பதில் விளக்குத்தான் தெரியும்.